அண்ணாதுரைக்கு அறிகுறி இல்லை

மார்ச் மாதம் முதல் வாரத்தில் அண்ணாதுரைக்கு நெஞ்சுக்குள் சோறு நின்றது. அதே வாரத்தில்தான் நலமுனை மருத்துவக் குழுமம் ‘முந்துவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. ஒருவர் உடம்பில் புற்றுநோய் ஒளிந்திருந்தால், அது அவருக்கே தெரிவதற்கு முன்பு, இரண்டு குழாய் ரத்தத்தில் அதன் சாடையைக் கண்டுபிடித்துவிடும் திட்டம். அண்ணாதுரை செய்த ஒரே தவறு, தனக்குத் தெரிந்த பிறகு அங்கே போனது.

அவருக்கு வயது ஐம்பத்தேழு. அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பது வேலை. ஃபேரர் பார்க்கில் குடியிருப்பு. முதலில் புரோட்டா நின்றது, பிறகு சப்பாத்தி, பிறகு சோறு. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்து உள்ளே தள்ள வேண்டியிருந்தது. ஐந்து கிலோ இறங்கிவிட்டார். பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் மனைவி தங்கம், சோற்றைக் குழையவிட்டுப் பார்த்தாள், மிக்ஸியில் அடித்துப் பார்த்தாள், கடைசியில் அவரையே இழுத்துக்கொண்டு நலமுனை மருந்தகத்துக்குப் போனாள்.

வாசலில் பலூன் வளைவு கட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு வரிசை. பச்சைக் கம்பளம் விரித்திருந்த பக்கத்தில் மெத்தை நாற்காலிகள், எலுமிச்சைத் தண்ணீர், குளிரூட்டி. அது ஆரோக்கியமானவர்களுக்கு. கம்பளம் இல்லாத பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருமலும். அது உடம்புக்கு முடியாதவர்களுக்கு. மருத்துவமனைக்கு ஆரோக்கியமானவர்கள் வருவது அரிது என்பதால் அவர்களை மரியாதையோடு நடத்துகிறார்கள் போலும் என்று அண்ணாதுரை நினைத்துக்கொண்டார்.

பிளாஸ்டிக் பக்கம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு டாக்டர் கபிலன் கூப்பிட்டார். நல்ல பையன், முப்பது வயது இருக்கும், நோயாளிக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கை மீறாதவர். அண்ணாதுரை சொன்னதைக் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தார். வாய்வழியே கேமராவை விட்டு உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும், அதற்கு ஸ்கோப் என்று பெயர் என்றார். தேதி கிடைத்தது. ஆகஸ்ட் பத்தொன்பது.

“இது மார்ச்சு, டாக்டர்” என்றாள் தங்கம்.

“தெரியும், ஆன்ட்டி. கியூ அப்படி இருக்கு. நடுவுல ஏதாச்சும் சிம்ப்டம் வந்தா உடனே வந்துடுங்க.”

வந்திருப்பதே அதற்குத்தான் என்று சொல்வதற்குள் நான்கு நிமிடம் முடிந்துவிட்டது.

வெளியே வந்தவர்களைப் பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் வழிமறித்தாள். பெயர் மோகனப்பிரியா. ‘முன்னறிதல் தூதுவர்’ என்று சட்டையில் எழுதியிருந்தது. அவளுக்கு அன்றைக்கு நாற்பது பேரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம். முப்பத்தொன்பது பேர் ஆகியிருந்தார்கள்.

“அங்கிள், கேன்சர் ஸ்க்ரீனிங் பண்ணிட்டீங்களா? பிளட் மட்டும்தான் லா. பத்து நிமிஷம்.”

“எனக்கு சோறு இறங்கலம்மா.”

அவள் முகம் வாடியது. “அய்யோ. சிம்ப்டம் இருந்தா இது உங்களுக்கு இல்ல அங்கிள். இது ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு.”

“ஒண்ணுமே இல்லாதவங்களுக்கு எதுக்கு?”

“இருக்கான்னு பாக்கத்தான்.”

“எனக்கு இருக்குற மாதிரி இருக்கே.”

“அதான் அங்கிள் பிரச்சினை.”

மோகனப்பிரியா கெட்டவள் இல்லை. ஆகஸ்ட் என்று கேட்டதும் உண்மையாகவே வருந்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னாள். ரத்தத்தில் சாடை தெரிந்தால் மூன்றே நாளில் ஸ்கோப். பச்சைக் கம்பளக்காரர்களுக்கு வரிசை கிடையாது. ‘அறிகுறி உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று மட்டும் போட்டுவிட்டால் சிஸ்டம் உள்ளே விட்டுவிடும்.

“பொய் சொல்ற மாதிரி இருக்கே” என்றாள் தங்கம்.

“அது வெறும் ஃபார்ம் தானே ஆன்ட்டி. யாரு அதெல்லாம் படிக்கப்போறா?”

இந்தக் குழுமத்தில் அந்த ஃபார்மைத் தவிர வேறு எதையும் யாரும் படிப்பதில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது. வேலைக்குச் சேர்ந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. ‘அறிகுறி: இல்லை’ என்று தட்டினாள். நாற்பது நிறைந்தது.

ரத்தம் எடுத்த பிறகு அண்ணாதுரையை ஒரு பச்சைச் சுவர் முன்னால் நிறுத்தி, கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். ஒரு துணிப்பையும் உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த ஒரு கறிபஃபும் கொடுத்தார்கள். தாதி அவர் கையில் பஞ்சை அழுத்தியபடி, “சாப்பிடுங்க அங்கிள், ரத்தம் எடுத்திருக்கோம்ல” என்றார்.

“இறங்காதும்மா.”

தாதி திரையைப் பார்த்தார். “அறிகுறி இல்லன்னு போட்டிருக்கே. மெதுவா மென்னு சாப்பிடுங்க.”

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. ‘வாழ்த்துகள்! சாடை ஏதும் காணப்படவில்லை’ என்று கைப்பேசியில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. கீழே குழுமத்தின் நான்கு பெரிய அதிகாரிகளின் கையெழுத்து. அண்ணாதுரைக்கு அன்று கஞ்சியும் பாதிதான் இறங்கியது. ஆனாலும் ஒரு நிம்மதி வந்தது உண்மை. இத்தனை பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டுச் சொல்கிறார்களே, நம் தொண்டைதான் தப்பாகச் சொல்கிறதோ என்று அரை மணி நேரம் நம்பினார்.

அரை மணி நேரத்தில் இன்னொரு செய்தி வந்தது. ‘உங்கள் அபாய நிலை குறைந்துள்ளதால், ஆகஸ்ட் 19 அன்று உங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஸ்கோப் நேரம், அதிகம் தேவைப்படும் ஒருவருக்கு அன்புடன் வழங்கப்பட்டுள்ளது. உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.’

மறுநாள் டாக்டர் கபிலனிடம் போய் நின்றார்கள்.

“இந்த டெஸ்ட்ல இல்லன்னு வந்தா, கேன்சர் இல்லவே இல்லன்னு அர்த்தமா டாக்டர்?” என்று கேட்டார் அண்ணாதுரை.

“அப்படிச் சொல்ல முடியாது. நிறைய விட்டுடும். சிம்ப்டம் இருந்தா ஸ்கோப் கண்டிப்பா பண்ணணும்.”

“அப்ப எனக்குப் பண்ணுங்க.”

“உங்களுக்குத்தான் சிம்ப்டம் இல்லயே” என்று திரையைத் திருப்பிக் காட்டினார் கபிலன்.

“நீங்கதானே மார்ச்சுல எழுதினீங்க, சோறு இறங்கலன்னு?”

“எழுதினேன். அதுக்கப்புறம் நீங்களே இல்லன்னு டிக்ளேர் பண்ணிருக்கீங்க. லேட்டஸ்ட் என்ட்ரிதான் செல்லும். பழசு திரையில வராது.”

அண்ணாதுரை முப்பது வருடம் பழுது பார்த்தவர். அவருக்குத் தெரிந்த முறையில் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். “டாக்டர், லிஃப்ட் பேனல்ல ஃபால்ட் இல்லன்னு காட்டும். ஆனா எட்டாவது மாடி ஆன்ட்டி உள்ள ஏதோ சத்தம் வருதுன்னு சொன்னா, நான் ஷாஃப்ட்டுக்குள்ள எறங்கிப் பாத்தே ஆகணும். பேனல நம்பி வீட்டுக்குப் போனா என் வேல போயிடும்.”

கபிலன் யோசித்தார். அவர் முகத்தில் ஒரு கணம் மருத்துவக் கல்லூரி தெரிந்தது. பிறகு நான்கு நிமிடம் முடிந்த மணி அடித்தது. “உங்க கவலை புரியுது அங்கிள். கவலைக்கு நம்மகிட்ட தனி டிபார்ட்மென்ட் இருக்கு” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்தத் துறைக்குப் பெயர் நிம்மதிப் பிரிவு. நல்ல முடிவு வந்த பிறகும் நம்ப மறுப்பவர்களுக்காக ஏற்பட்டது. இடம் கிடைக்க மே மாதம் ஆனது. ஆலோசகர் அனுப்ரியா ஊதுவத்தி மணக்கும் அறையில் அவர்களை உட்காரவைத்து, அண்ணாதுரையின் கண்ணைப் பார்த்துப் பேசினார். அந்தக் கட்டடத்தில் அவர் கண்ணைப் பார்த்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். அந்த அளவுக்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

“சாப்பிடும்போது பயம் வருதா சார்?”

“சாப்பிட முடியலன்னு பயம் வருது.”

“பாத்தீங்களா, பயம் வருது” என்று எழுதிக்கொண்டார். பயத்தினால் தொண்டை இறுகுகிறது, இறுகுவதால் சோறு நிற்கிறது, ஆகவே பயத்தை விட்டால் சோறு தானே இறங்கும். மூக்கு வழியாக மூச்சை இழுத்து நான்கு எண்ணி வாய் வழியாக விட வேண்டும். ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் ‘நான் நலமாக இருக்கிறேன், ஆய்வகம் சொல்லியிருக்கிறது’ என்று மூன்று முறை மனத்துக்குள் சொல்ல வேண்டும்.

“கவளமே இல்லம்மா இப்ப. தண்ணிதான்” என்றாள் தங்கம்.

“தண்ணிக்கும் சொல்லலாம்” என்றார் அனுப்ரியா.

வெளியே நடைவழியில் ஜாஃபர் உட்கார்ந்திருந்தார். சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருப்பவர், அண்ணாதுரையின் இருபது வருட நண்பர். கழுத்தில் பச்சைப் பட்டையில் அடையாள அட்டை, கையில் முட்டை புரோட்டாப் பொட்டலம். ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். ஆனால் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“எனக்கு சாடை இருக்குதாம்ப்பா” என்றார். “எங்கன்னுதான் தெரியலயாம்.”

சும்மா கடையில் இருந்தவரைச் சாலையோர முகாமில் பிடித்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள். சாடை காணப்பட்டது, உறுப்பு தெரியவில்லை. அன்றிலிருந்து ஒன்பது ஸ்கேன். நுரையீரல்காரர் என்னுடையது இல்லை என்று கையெழுத்துப் போட்டார், கல்லீரல்காரர் என்னுடையது இல்லை என்று கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் வீட்டில் ஹலால் கோழி அறுத்துக் கொண்டாடி, மறுநாள் அடுத்த உறுப்பை நினைத்து அழுதார்கள். ஜாஃபர் உயில் எழுதிவிட்டார். தூக்கம் போய்விட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுவிட்டார்கள்.

“நாளான்னைக்கு எனக்குத் தொண்டையில ஸ்கோப். என் தொண்டைக்கு ஒண்ணுமே இல்லப்பா. பாரு” என்று புரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டு மடமடவென்று விழுங்கிக் காட்டினார். அண்ணாதுரை அதைப் பார்த்த பார்வையில் ஜாஃபர் மெல்லுவதை நிறுத்தினார். பொட்டலத்தை மூடிவிட்டு எழுந்தார். “வா. என் ஸ்லாட்டை உனக்குக் குடுக்கறேன்.”

முகப்பில் இருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டார். ஸ்கோப் தேவையில்லாதவருக்கு ஸ்கோப் இருக்கிறது, தேவைப்படுபவருக்கு இல்லை, இருவரும் எதிரிலேயே நிற்கிறார்கள், மாற்றிக்கொள்ளச் சம்மதம். எல்லாம் புரிந்தது அவருக்கு.

“ஆனா இவருக்கு எதுக்கு ஸ்கோப்? இவருக்கு ரிசல்ட் கிளியர். அவருக்கு ரிசல்ட் கிளியர் இல்ல.”

“அவருக்குச் சாப்பிட முடியலங்க” என்றார் ஜாஃபர்.

“ஆனா கிளியர்” என்றார் அலுவலர்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார். வியாழக்கிழமை ஜாஃபரின் குற்றமற்ற தொண்டைக்குள் கேமரா போய்விட்டு வந்தது. மிக அழகான உணவுக்குழாய் என்று எழுதிக் கொடுத்தார்களாம்.

ஜூன் மாதம் மோகனப்பிரியா தொலைபேசியில் அழைத்தாள். குரலில் ஒரே மகிழ்ச்சி. இந்தியச் சமூகத்திலிருந்து திட்டத்தில் சேர்ந்த ஆயிரமாவது ஆள் அண்ணாதுரைதான் என்று கணினி சொல்கிறது. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் விழா. அவருக்குப் பொன்னாடை. இரண்டு நிமிடம் பேச வேண்டும். பெரிய டாக்டர்கள் எல்லோரும் வருவார்கள்.

“நான் வரலம்மா. நிக்க முடியல.”

“அங்கிள், ப்ளீஸ். அங்க வந்து அவங்ககிட்டயே நேரா கேளுங்க. எனக்கும் வேற வழி தெரியல” என்றாள். இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது, ஃபார்மை யார் படிக்கிறார்கள் என்று. அதைத் திருத்தும் அதிகாரம் தூதுவர்களுக்கு இல்லை.

“போவோம்ங்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்றாள் தங்கம். அவருடைய சட்டை இரண்டு அளவு பெரிதாகிவிட்டது. புதுச்சட்டை வாங்கினாள்.

விழாவில் முதலில் குத்துவிளக்கு, பிறகு பெண்பிள்ளைகளின் நடனம். ரத்தக் குழாயாகச் சிலரும் சாடையாக ஒருத்தியும் ஆடினார்கள். பிறகு குழுமத்தின் தலைமை உருமாற்ற அதிகாரி பிரேம் பேசினார். கோட்டுக்கு மேல் பச்சைச் சால்வை. எழுதிவைத்த செந்தமிழ்.

“அன்பார்ந்த பெருமக்களே! ஒரு காலத்தில் மருத்துவமனை என்றால் நோயாளிகள் நிரம்பிய இடம். அந்த இருண்ட காலம் முடிந்துவிட்டது. இன்று நம்மை நாடி வருபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் எந்த நோயும் இல்லாதவர்கள் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். அவர்களுக்குச் சேவை செய்வதில் நாம் அடைந்திருக்கும் வெற்றி வியக்கத்தக்கது. ஏறக்குறைய எல்லோருமே நலமாக வீடு திரும்புகிறார்கள்!”

கைதட்டல்.

“நோயாளிகளோடு எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் மருத்துவரிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அங்கே வலிக்கிறது, இங்கே அடைக்கிறது என்பார்கள். ரத்தம் அப்படியல்ல. ரத்தம் புகார் சொல்லாது. ரத்தத்துக்குக் குடும்பத்தார் கிடையாது. ஆகவேதான் நாங்கள் மனிதர்களிடம் கேட்பதைக் குறைத்துக்கொண்டு, ரத்தத்திடம் கேட்பதை அதிகப்படுத்தியிருக்கிறோம். மூன்றே மாதத்தில் காத்திருப்பு நேரம் பாதியாகக் குறைந்துள்ளது. காத்திருக்க வேண்டியவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியதால் இந்தச் சாதனை கைகூடியது.”

மீண்டும் கைதட்டல். அண்ணாதுரைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தொகுப்பாளர் வைஷாலி அவர் கையில் மைக்கைக் கொடுத்து, “உங்க அனுபவத்தச் சொல்லுங்க சார்!” என்றாள்.

அவர் மேடையில் பேசிப் பழகாதவர். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மூணு மாசமா சோறு இறங்கல. இப்ப கஞ்சியும் இறங்கல. இங்க பெரிய டாக்டருங்க இருக்கீங்கன்னு சொன்னாங்க. யாராச்சும் ஒருத்தர் என் தொண்டையப் பாருங்க. அவ்வளவுதான்.”

மண்டபம் அமைதியானது. வைஷாலி அனுபவசாலி. ஒரு நொடிக்கு மேல் அமைதியை விடமாட்டாள். “என்ன ஒரு ஹ்யூமர், பாத்தீங்களா! உடம்பு எப்படி இருந்தாலும் ரிசல்ட் கிளியரா இருந்தா மனசு கிளியரா இருக்கும்னு சொல்றாரு! பலமா ஒரு கைதட்டு குடுங்க!” என்றாள். கொடுத்தார்கள். முன்வரிசையில் இருந்த மருத்துவர்களும் கொடுத்தார்கள். தங்கம் மட்டும் எழுந்து நின்று ஏதோ கத்தினாள். கைதட்டலில் அது கேட்கவில்லை.

அடுத்து கேக். ரத்தக் குழாய் வடிவத்தில் சிவப்புக் கேக். பிரேம் ஒரு துண்டு எடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே அண்ணாதுரையின் வாயில் ஊட்டினார். மாட்டேன் என்று தலையை ஆட்டியவரின் தோளை அன்போடு பிடித்துக்கொண்டு ஊட்டினார். அது நின்றது. அவருக்கு மூச்சு முட்டியது, கண் செருகியது, பிறகு கேக்கும் சளியும் ரத்தமும் கலந்து பிரேமின் பச்சைச் சால்வை மேல் வந்தது. முன்வரிசை மருத்துவர்கள் முதன்முறையாக எழுந்தார்கள். இடத்தைவிட்டு நகர்ந்துகொள்வதற்காக.

விழாவை நேரலையாக ஒளிபரப்பியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அந்தக் காட்சி ஊர் முழுக்கக் கைப்பேசிகளில் சுற்றியது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணாதுரைக்கு ஸ்கோப் கிடைத்தது. ஸ்கோப்புக்கான காரணம் என்ற கட்டத்தில், பட்டியலில் முன்பே இருந்த ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்: ‘குழுமத்தின் நற்பெயருக்கு ஆபத்து. மிக அவசரம்.’

கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க பதினைந்து நிமிடம் ஆனது. உணவுக்குழாயில் கட்டி இருந்தது. பாதையில் முக்கால்வாசியை அடைத்திருந்தது.

இரண்டு நாள் கழித்து பிரேம் வார்டுக்கு வந்தார், ஒரு பழக்கூடையோடு. எதையும் விழுங்க முடியாதவருக்குப் பழக்கூடை கொண்டுவந்ததை அவர் கவனிக்கவில்லை. அண்ணாதுரையின் மூக்கில் குழாய் சொருகியிருந்தது. பிரேம் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு நல்ல விஷயம் சொல்லத்தான் வந்தேன் அண்ணே. எங்க டீம் நல்லா ரிவியூ பண்ணிட்டாங்க. டெஸ்ட்டுல எந்தத் தப்பும் இல்ல. இது ஆரம்பநிலை கேன்சரைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட். உங்களுக்கு இருந்தது ஆரம்பநிலை இல்ல. அதனால டெஸ்ட் இல்லன்னு சொன்னது சரிதான்.”

அண்ணாதுரை அவரையே பார்த்தார். தங்கம் பழக்கூடையைத் தூக்கி பிரேமின் மடியில் வைத்தாள்.

“எந்திரிச்சுப் போயிடுங்க” என்றாள். “நான் கை நீட்டிடுவேன்.”

பிரேம் போய்விட்டார். அன்று மாலையே, ஆவேசப்படும் குடும்பத்தார் என்ற காரணத்துடன் தங்கத்தின் பெயர் நிம்மதிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது.

வெள்ளிக்கிழமை அறுவை மருத்துவர் ஹலீமா தம்பதியைத் தன் அறைக்கு வரவழைத்தார். அண்ணாதுரையைத் தாதி சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார். ஹலீமா வேறு மருத்துவமனையிலிருந்து வாரம் ஒருநாள் வருபவர், முந்துவோம் திட்டத்தைப் பற்றி அதிகம் தெரியாதவர். அண்ணாதுரையின் கழுத்தைத் தன் கையால் தொட்டு அழுத்திப் பார்த்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார்.

“கட்டி பக்கத்துல நெணநீர்க் கட்டிகளுக்கும் போயிருக்கு. ஈரல்ல ரெண்டு புள்ளி தெரியுது. இப்ப வெட்டி எடுக்க முடியாது. மருந்து குடுப்போம், சாப்பாடு எறங்கறதுக்கு ஒரு ஸ்டென்ட் வெப்போம். நாளைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். குணமாக்க முடியும்னு நான் சொல்லமாட்டேன்.”

தங்கம் அண்ணாதுரையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மார்ச்சுலயே பாத்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம்” என்றார் ஹலீமா. அவருக்கு உண்மையிலேயே கோபம். “ஏன் இவ்வளவு நாள் வீட்டுல வெச்சுக்கிட்டு இருந்தீங்க? நம்ம ஆளுங்களே இப்படித்தான். கண் கெட்ட பிறகுதான் சூரிய நமஸ்காரம். இங்க பாருங்க, ஒரு தடவகூட நீங்க சிம்ப்டம்னு சொல்லவே இல்ல. எல்லா இடத்துலயும் இல்லன்னுதான் இருக்கு.”

அண்ணாதுரை பேச வாயெடுத்தார். குழாய் தடுத்தது. தங்கம் அவர் கையை விட்டுவிட்டு எழுந்து, திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“எழுதுங்க டாக்டர். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. மார்ச்சுல வந்தோம், சோறு இறங்கலன்னு சொன்னோம். ஏப்ரல்ல வந்தோம், சொன்னோம். மே மாசம் வந்தோம், மூச்சு விடச் சொல்லிக் குடுத்தாங்க. ஜூன்ல இவரை மேடையில ஏத்தி, மைக் குடுத்து, நீங்களே சொல்லுங்கன்னு கேட்டாங்க. அப்பவும் சொன்னாரு. கை தட்டுனாங்க.”